வழக்கில்லாத பாஷை

“உங்க பாஷையை எவனாவது தடை பண்ணினானா வே?” என்று நண்பர் கேட்டார். இல்லை என்றேன். “அப்போ உமக்கு வழக்கே இல்லை” என்றார்.

சொன்னவர் கணித வாத்தியார். எத்தியோப்பியாவில் ஜிம்மா என்ற ஊரில் ஐந்து வருஷம் பாடம் நடத்திவிட்டுப் பாளையங்கோட்டை திரும்பியவர். இந்தியாவிலிருந்து வாத்தியார்கள் அந்த நாட்டுக்குப் போவது ஹைலே செலாஸி சக்கரவர்த்தி காலத்திலேயே தொடங்கிவிட்ட பழக்கம். போனவர்கள் சம்பளத்தையும் குளிரையும் பற்றிப் பேசுவார்கள். இவர் பாஷையைப் பற்றிப் பேசினார். முதல் ஒரு வருஷம், வகுப்பறைக்கு வெளியே பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அம்ஹாரிக் என்றே எண்ணிக்கொண்டிருந்தாராம். நாட்டின் ஆட்சிமொழி அதுதானே. ஒருநாள் ஒரு பையன் சங்கடத்தோடு திருத்தினான்: ஐயா, அது எங்கள் மொழி, ஒரோமோ.

2007ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படி எத்தியோப்பியாவில் மூன்றில் ஒருவருக்கு ஒரோமோ தாய்மொழி. அம்ஹாரிக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட அதிகம். ஆனாலும் சக்கரவர்த்தி காலம் முழுக்க அது பள்ளியில் கிடையாது, அச்சில் கிடையாது, கச்சேரியில் கிடையாது. நண்பருக்கு அங்கே ஒரு முதிய சக ஆசிரியர் சொன்னது: வாதிக்கு ஒரோமோ, பிரதிவாதிக்கு ஒரோமோ, நீதிபதிக்கும் ஒரோமோ தெரியும், இருந்தும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளனை நிறுத்தி அம்ஹாரிக்கில்தான் விசாரணை நடக்கும். எல்லோருக்கும் புரிந்துவிட்ட ஒன்றை மொழிபெயர்க்கும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். பள்ளியில் சேர்ந்ததும் பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஷேக் பக்ரி சபாலோ என்ற மதபோதகர் 1956இல் அந்த மொழிக்கென்று ஓர் எழுத்தை உண்டாக்கினார். எழுத்து பரவத் தொடங்கியதும் அரசாங்கம் அவரை வீட்டுக் காவலில் வைத்தது. 1980இல் சோமாலியாவில் அகதி முகாமில் செத்துப்போனார். ஓர் எழுத்து முறையைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் பயந்திருக்கிறது. எழுதுகிறவன் பொறாமைப்படக்கூடிய விஷயம்தான்.

எங்கள் பாஷையைக் கண்டு எவரும் பயந்ததில்லை. நண்பர் சொன்னதன் சாரம் இதுதான்.

தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நீதிமன்றத்தில் தொடுப்பது ஒன்று. நாவில் புழங்குவது மற்றது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணக்காரர்கள் பிரித்தது இதைத்தான். நண்பர் முதல் பொருளில் சொன்னார். எனக்கு இரண்டு பொருளிலும் கேட்டது. ஒன்று இல்லாமல் போனதால்தான் மற்றதும் இல்லாமல் போயிற்றா என்பது இந்தக் கட்டுரையின் விசாரம். முடிவு கைவசம் இருப்பதால் எழுத உட்காரவில்லை.

நான் வீரவநல்லூர்க்காரன். சேரன்மாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஊர். வீட்டில் பேசியது சௌராஷ்ட்ரம். ஊரார் எங்களுக்கு வைத்த பெயர் பட்டுநூல்காரர். பட்டு நெய்தவர்கள் மதுரையிலும் கும்பகோணத்திலும் சேலத்திலும் இருந்தார்கள். எங்கள் தெருவில் நான் பார்த்ததெல்லாம் பருத்தி. குஜராத்திலிருந்து புறப்பட்டு தேவகிரி, விஜயநகரம், மதுரை என்று பல நூற்றாண்டு நடந்து வந்ததாக எங்கள் ஜாதிக் கதை சொல்லும். கதையில் எவ்வளவு சரித்திரம் என்பதைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறையில்லை. ஆனால் பாஷை அந்த நடையை மறைக்கவில்லை. அடியில் குஜராத்தியும் மராத்தியும், மேலே தெலுங்கும் கன்னடமும், அதற்கும் மேலே தமிழ். வீட்டுக்கு கெர் என்போம். இரண்டுக்கு தி. தங்கிப்போன ஒவ்வொரு ஊரிலும் ஒரு கைப்பிடிச் சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தார்களா என்பது தெரியாது.

கன்னடியன் கால்வாய் பற்றி ஒரு வார்த்தை. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவன், சேர ராஜாவிடம் தானம் வாங்கிய பொன்னைக் கொண்டு, ஒரு பசு நடந்த வழியைப் பார்த்து வெட்டியதாகக் கதை. கால்வாயில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. கரையில் கன்னடம் பேசுகிறவர் எவருமில்லை. தாமிரவருணித் தண்ணீரைக் குடித்த பாஷைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள் முதலில் இந்தக் கால்வாயின் பெயரைப் பார்க்கலாம். பெயராக மட்டும் மிஞ்சுவதும் ஒரு மிச்சம்தான்.

1965 ஜனவரியில் நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். அந்த மாதம் 26ஆம் தேதி முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற நிலை. ஊர்வலம் போனோம். தொண்டை கட்டும்வரை தமிழ் வாழ்க என்று கத்தினேன். பொய்யாகக் கத்தவில்லை, இன்றும் அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கல்லூரியை மூடியதும் ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். தொண்டை கட்டியிருப்பதைப் பார்த்து அம்மா கஷாயம் வைத்துக்கொண்டே என்ன விஷயம் என்று விசாரித்தாள். பாஷையைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். யாருடைய பாஷையை என்று கேட்டாள். கிண்டலோ குத்தலோ இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கேட்டது சௌராஷ்ட்ரத்தில். நான் பதில் சொன்னதும் சௌராஷ்ட்ரத்தில்தான்: தமிழை. ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டுக் கஷாயத்தை ஆற்றினாள்.

இந்தச் சம்பவத்தைப் பல வருஷம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இலக்கிய நண்பர்கள் சிரித்திருக்கிறார்கள்.

குற்றவாளியைத் தேடிப் பார்க்கலாம். பள்ளிக்கூடமா? அங்கே எங்கள் பாஷைக்குத் தடை கிடையாது, அபராதம் கிடையாது. வாத்தியார் ஒருவர் எங்கள் பையன்களின் தமிழ் உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டுவார். வகுப்பு சிரிக்கும். அவ்வளவுதான். நல்ல வாத்தியார், எனக்குத் தமிழ் வந்தது அவரால். அவருடைய சிரிப்பைச் சட்டம் என்று சொல்லி எந்த நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக முடியாது. அரசியல் சட்டமா? அது எங்கள் பக்கம். 1956இல் சேர்த்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்பதற்கும் செய்ய வேண்டும் என்பதற்கும் இடையில் ஓர் ஆரம்பப் பள்ளி முழுக்கக் காணாமல் போகலாம். ஆனால் எங்கள் தெருவிலிருந்து யாரும் போய்க் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பெரியவர்களா? அவர்கள் எழுத்துச் சண்டை போட்டார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் டி.எம். ராமராய் எங்கள் பழைய எழுத்தை ஒழுங்குசெய்து, அச்சில் ஏற்றி, இலக்கணமும் பாலபாடமும் போட்டார். ஒரு மனிதன் தன் ஆயுளைக் கொண்டு செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். மற்றவர்கள் தேவநாகரிதான் கௌரவம் என்றார்கள். இன்னொரு சாரார் எல்லோருக்கும் தெரிந்த தமிழெழுத்தே போதும் என்றார்கள். மூன்று கட்சிக்கும் நல்ல வாதங்கள் இருந்தன. வாதம் நடந்த நூறு வருஷத்தில் படிக்க வேண்டிய குழந்தைகள் தமிழும் இங்கிலீஷும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ராமராயின் எழுத்து 2008இல் யூனிகோட் தரத்தில் இடம்பெற்றது. உலகத்தின் எந்தக் கம்ப்யூட்டரும் இனி அதை அறியும். என் தெருவில் அதை வாசிக்கத் தெரிந்தவர்களை எண்ண இரண்டு கை தேவைப்படாது.

ஒரோமோக்காரர்களுக்கும் இதே சண்டை இருந்தது. ஓனெஸிமோஸ் நெஸிப் என்பவர், பிள்ளைப் பிராயத்தில் அடிமையாக விற்கப்பட்டு விடுதலை பெற்றவர், பைபிளை ஒரோமோவில் பெயர்த்தார். 1899இல் அச்சானபோது எத்தியோப்பிய எழுத்தில்தான் அச்சாயிற்று. அவருக்குக் கூட இருந்து உதவிய ஆஸ்தெர் கன்னோ என்ற பெண்ணும் அடிமையாய் இருந்து விடுபட்டவள்தான். தன் நினைவில் இருந்த நூற்றுக்கணக்கான பாட்டையும் பழமொழியையும் கதையையும் அவள் எழுதிவைத்தாள். 1894இல் வந்த வாசகப் புத்தகம் அப்படி உண்டானது. பிறகு அரபி, சபாலோவின் எழுத்து, லத்தீன் என்று பல முயற்சி. 1991 நவம்பரில் அடிஸ் அபாபாவில் கூடி லத்தீனை ஏற்றார்கள். க்யூபே என்று பெயர். குறில் நெடில் பேதமும் ஒற்று இரட்டிப்பதும் அந்த மொழியில் பொருளையே மாற்றுபவை. எத்தியோப்பிய எழுத்தில் அவற்றைக் காட்ட வழியில்லாமல் இருந்தது. க்யூபேயில் எழுத்தை இரண்டு முறை போட்டால் தீர்ந்தது. காரணம் அது மட்டுமில்லை என்பது யாருக்கும் தெரியும். பழைய ஆட்சியின் எழுத்து வேண்டாம் என்ற வைராக்கியமும் சேர்ந்திருந்தது. ஒரு முடிவுக்கு வர எதிரி ஒருவன் ரொம்ப உபயோகமாக இருக்கிறான்.

இது என்னை உறுத்துகிற இடம். தடை ஒரு மொழிக்குத் தன்னைப் பற்றிய பிரக்ஞையைக் கொடுக்கிறது. தடுக்கப்பட்டதால் ஒரோமோ ஒரு காரணமாயிற்று, பாட்டாயிற்று, ரத்தமும் ஆயிற்று. 2020 ஜூனில் ஹச்சாலு ஹுண்டேஸ்ஸா என்ற பாடகனைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு நடந்த கலவரங்களில் எத்தனையோ உயிர் போயிற்று. அதே வருஷத் தொடக்கத்தில்தான் அந்த மொழியையும் மத்திய அரசின் அலுவல் மொழிகளில் ஒன்றாக்க அமைச்சரவை தீர்மானித்திருந்தது. அந்த விலையைக் கொடுக்காமல் பிழைத்தவர்கள் நாங்கள். யாரும் சாகவில்லை. அதற்காக வருந்துகிற அளவுக்கு நான் இலக்கியவாதி இல்லை.

ஆக, மிஞ்சுவது நான்.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பிள்ளைமார் வீட்டுப் பையன். தறிக்குழிக்குள் அப்பா. அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டு அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னாள், எங்கள் பாஷையில். நான் தமிழில் பதில் சொன்னேன். ‘சரிம்மா’ என்று ஒரே வார்த்தை. ராட்டை ஒரு சுற்று நின்றது என்று எழுதினால் கதையாகிவிடும்; நிற்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு வெளியாட்கள் இருக்கும்போது அம்மா என்னிடம் தமிழில் பேசத் தொடங்கினாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளே எடுத்த முடிவு. மகனுடைய வெட்கத்தை ஒரு வார்த்தையில் கண்டுகொண்டாள். நாற்பது வருஷம் அதைக் கடைப்பிடித்தாள். என் மனைவியிடம் தமிழ். என் மனைவி சௌராஷ்ட்ரக்காரி இல்லை. குழந்தைகளிடமும் தமிழ். பாட்டியின் தமிழைக் குழந்தைகள் திருத்துவார்கள், வாத்தியாரைப் போலவே.

2003இல் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சு போய், மூன்று வாரம் கழித்துக் கொஞ்சம் திரும்பியது. திரும்பியது சௌராஷ்ட்ரம் மட்டும். முதலில் கற்றது கடைசியில் போகும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் சொல்லிவைத்தார். எப்போதும் அப்படி நடப்பதில்லை, அதிகம் புழங்கியதுதான் முதலில் திரும்பும் என்று பித்ரு என்ற இன்னொருவர் அவருக்குப் பதில் சொன்னார். அம்மா விஷயத்தில் ரிபோவின் கட்சி ஜெயித்தது. நாற்பது வருஷத் தமிழ் ஒரு ரத்தக்கட்டியில் துடைத்துப் போயிற்று. டாக்டர் தமிழில் கேட்பார், நான் பெயர்த்துச் சொல்வேன், அவள் பதிலை நான் டாக்டருக்குச் சொல்வேன். பேரப்பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று என் வாயைப் பார்த்தார்கள். ஜிம்மாவின் நீதிமன்றத்தை நண்பர் விவரித்தபோது எனக்கு அந்த ஆஸ்பத்திரி வார்டுதான் ஞாபகம் வந்தது. அங்கே தேவையில்லாத மொழிபெயர்ப்பாளன். இங்கே தேவைப்பட்டவன், ஆனால் போதாதவன். அவள் சொன்னதில் எனக்கே விளங்காத சொற்கள் இருந்தன. பதின்மூன்று வயதோடு என் பாஷை நின்றுவிட்டது, அவளுடையது நிற்கவில்லை. வயதான பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சௌராஷ்ட்ரம் என்று ஒன்று இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்தியிடம் கேட்டேன், அவளுக்கும் பிடிபடவில்லை. வியாதியில் சிதைந்த சொல்லாக இருக்கலாம், சொல்லே இல்லாமலும் இருக்கலாம். அடுத்த வருஷம் இறந்தாள்.

இதிலிருந்து நான் பாஷையின் மரணம் என்று பேச ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: மொழிக்கு உயிர் உண்டு, அது தாய், அது சாகும் என்ற உருவகங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. தமிழ்நாட்டில் அறுபது வருஷமாக அந்த உருவகங்களின் மேல்தான் மேடை போட்டிருக்கிறார்கள். மொழிக்கு வலி கிடையாது. வலி பேசுகிறவனுக்கு. ஆகவே மொழிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற வாக்கியத்துக்கு அர்த்தமில்லை. இதுவரை என் நண்பர், கணிதக்காரர், சொல்வது சரி.

அவர் அதற்கு அடுத்த படிக்குப் போகிறார். என் பிள்ளைகளுக்கு ஒரு பாஷை தெரியாது; தெரியாத ஒன்றை இழந்த வருத்தம் அவர்களுக்கு இல்லை. எனக்குத் தமிழில் எல்லாம் கிடைத்தது. அம்மா தானாகவே தமிழுக்கு மாறினாள். அப்படியானால் தீங்கு அடைந்தவர் யார்? தீங்கு அடைந்தவரும் இல்லை, தீங்கு செய்தவரும் இல்லை, தீங்கு மட்டும் எங்கே தொங்குகிறது என்று கேட்கிறார்.

தர்க்கம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மொழியை ஒரு சொத்தாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. யாரிடம் இருந்தது, யாருக்குப் போயிற்று, யார் இழந்தது என்று. பேச்சு சொத்து அல்ல. ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கூப்பிடுவது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் வேறு பக்கத்திலிருந்து பதில் கொடுத்தேன். அந்த ஒரு கணத்தில் தீங்கு இருந்தது, செய்தவனும் இருந்தான், அடைந்தவளும் இருந்தாள். அவள் தானாக மாறினாள் என்பது உண்மை. கதவைச் சாத்தியவன் முன்னால் நின்றுகொண்டிருக்காமல் திரும்பிப் போனவளைத் தானாகப் போனாள் என்று சொல்கிற உண்மை. என் கடன் சௌராஷ்ட்ரத்துக்கு இல்லை. அதில் என்னோடு பேசியவளுக்கு. பாஷை அந்தக் கடனுக்கு இருந்த ஒரே நாணயம். வேறு நாணயத்தில் கட்டினேன், நல்ல நாணயந்தான், அவளும் வாங்கிக்கொண்டாள்; கடைசியில் 2003இல் அவள் கையில் அது செல்லாமல் போயிற்று.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, என் மகளே எழுப்பியது. குழித்தறியில் இருந்த தெருவிலிருந்து அவள் இஞ்சினீயராக வெளியே வந்தாள். சௌராஷ்ட்ரம் தறியோடு ஒட்டிய பாஷை. பாவு, ஊடை, அச்சு, கூலி, முதலாளியிடம் நிற்கும் பாக்கி. அந்த வறுமையையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்க வேண்டுமா என்கிறாள். வேண்டாம். தெருவில் பாவு ஓட்டிய காலத்தைப் பற்றி ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் பாவு ஓட்டாதவர்கள். ஆனால் வறுமையிலிருந்து வெளியேற பாஷையை விடுவது அவசியமாக இருந்தது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ் வந்தால் சௌராஷ்ட்ரம் போக வேண்டும் என்பது எந்த மூளை சாஸ்திரத்திலும் இல்லை. தெருவுக்கு வெளியே தமிழ், வீட்டுக்குள் சௌராஷ்ட்ரம் என்று நானூறு வருஷம் சமாளித்த ஜனம் எங்களுடையது. என் தலைமுறைதான் அதைப் பாரம் என்று கண்டுபிடித்தது.

கணக்கெடுப்பில் ஒரு விசித்திரம். 2001இல் சௌராஷ்ட்ரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 1.85 லட்சம். 2011இல் 2.47 லட்சம். எண்ணிக்கை ஏறுகிறது. பட்டியலில் அதைக் குஜராத்தியின் கீழே ஒரு கிளையாக வைத்திருக்கிறார்கள். குஜராத்திக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கேட்பதற்குள் திண்டாடுவார். நானும் அந்தப் பத்தியில் சௌராஷ்ட்ரம் என்றுதான் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டு போன பெண்ணிடம் தமிழில் சொன்னேன். இப்படி எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பு கேட்பதில்லை.

இனி நம்மைப் பற்றி. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நம்மைப் பற்றி. முந்நூறு பிரதி அச்சடித்தால் போதும், இலக்கியம் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் நாம். எண்ணிக்கை மதிப்பு ஆகாது என்று ஜனரஞ்சகப் பத்திரிகைகளோடு சண்டை போட்டவர்கள். அந்த நியாயத்தை இரண்டு லட்சம் பேர் பேசும் ஒரு பாஷைக்கு நான் ஒருமுறைகூடப் பொருத்திப் பார்த்ததில்லை. சௌராஷ்ட்ரத்தில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்டு நானே ஒதுங்கினேன். வணிகப் பத்திரிகை ஆசிரியன் என் கவிதையைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி.

எம்.வி. வெங்கட்ராம் சௌராஷ்ட்ரக்காரர். ‘மணிக்கொடி’யில் எழுதத் தொடங்கி, 1993இல் ‘காதுக’ளுக்காக சாகித்ய அகாதமி பெற்றவர். ‘வேள்வித் தீ’யில் எங்கள் நெசவாளர் வாழ்க்கைதான். ‘காதுகள்’ பற்றி நம் விமரிசகர்கள் எழுதியதை ஓரளவு படித்திருக்கிறேன். மனோதத்துவம் பேசினார்கள், ஆன்மிகம் பேசினார்கள். வீட்டில் ஒரு பாஷையும் காகிதத்தில் ஒரு பாஷையும் வைத்திருந்த ஒரு மனிதனின் காதில் குரல்கள் கேட்கின்றன என்பதை யாராவது அந்தக் கோணத்தில் யோசித்ததாக என் கண்ணில் படவில்லை. யோசித்திருந்தால் சரியாக வந்திருக்கும் என்று சொல்லவில்லை. கேள்வியே எழவில்லை என்கிறேன். கி. ராஜநாராயணன் விஷயமும் இதுதான். கரிசல் வழக்கு என்று கொண்டாடினோம். அதற்குப் பின்னால் வீட்டில் பேசிய தெலுங்கு இருப்பதை அவரே ‘கோபல்ல கிராம’த்தில் கதையாகச் சொல்லியும், அது நமக்கு ஒரு வரலாற்றுத் தகவலாக மட்டும் நின்றது. வட்டார வழக்கு என்றால் தமிழுக்குள் அடங்கிய பல்வகை. அதுவரை நமக்கு இன்பம். தமிழுக்கு வெளியே ஒன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்றால் காது கேட்பதில்லை.

பொதிகையில் அகஸ்தியர் தமிழ் வளர்த்தார் என்போம். பாபநாசத்துக்கு மேலே அந்த மலையில் இன்று வசிப்பவர்கள் காணிகள். தமிழும் மலையாளமும் இன்னும் முழுக்கப் பிரியாத இடத்தில் நிற்பதுபோல் ஒரு பேச்சு அவர்களுடையது; எழுத்து இல்லை. காரையாறு அணைக்கு உல்லாசமாகப் போய்த் திரும்பும் நாம், அவர்களிடமிருந்து தேனும் கிழங்கும் வாங்கியிருக்கிறோம். தமிழ் பிறந்த மலை என்று நாம் பெருமைப்படும் இடத்தில் பேசப்படுவது என்ன என்று கேட்டதில்லை. அடக்கப்பட்டவன் என்ற நினைப்பு ஒருவனை எவ்வளவு தூரம் செவிடாக்கும் என்பதற்கு நானே சாட்சி. 1965இல் என் தொண்டை கட்டியிருந்தது, காதும் சேர்ந்து கட்டியிருக்கிறது. ஒரோமோ இப்போது தன் மாநிலத்தில் ஆட்சிமொழி. அந்த மாநிலத்துக்குள் வேறு பாஷை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விஷயம் எப்படி என்று நண்பரிடம் கேட்டேன். அதை அவர் விசாரிக்கவில்லை என்றார். நேர்மையான மனிதர்.

இரண்டு வருஷமாக, மாதத்தில் ஒரு நாள் வீரவநல்லூர் போகிறேன். அம்மாவழியில் மாமா முறை ஆகும் ஒருவர் இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. ஐம்பது வருஷம் தறியில் இருந்தவர். அவர் சொல்லச் சொல்லச் சொற்களை எழுதிக்கொள்கிறேன். சமையல், உறவு, வசவு, தறி. ராமராயின் எழுத்து எனக்கு வராது, இந்த வயதில் கற்க ஆரம்பித்து பாதியில் இருக்கிறது. தமிழெழுத்தில்தான் எழுதுகிறேன், எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டு. மகரமும் னகரமும் மூச்சோடு சேர்ந்து வரும் ஒலிகள் எங்கள் பாஷையில் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி. எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுவேன். நான் படிப்பது தப்பு என்பார். எங்கே தப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இன்னொருமுறை சொல்லிக் காட்டுவார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

போன மாதம் அவர் கேட்டார், இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று. ஒரு சின்னப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதப் போகிறேன் மாமா, முந்நூறு பேர் படிப்பார்கள் என்றேன். அவர்களுக்கு நம் பாஷை தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். சற்று நேரம் யோசித்தார். பிறகு, பாவில் இழை அறுந்தால் முடிபோடுவதற்கு இரண்டு விதம் உண்டு, இரண்டுக்கும் இரண்டு பெயர், முதலாவதை எழுதிக்கொள் என்றார்.